உடலில் ஒட்டும் மருந்துப் பம்பு: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கருவி வடிவமைப்புதான் என் தொழில். காரைக்குடிப் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும், சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் உடலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பம்புகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெற்றோருக்கு வேண்டியதும் மாணவர்களுக்கு வேண்டியதும் கலந்தே வரும். சிகிச்சை முடிவுகளுக்கு உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். இது கருவியைப் பற்றிய பக்கம்.

உடலில் ஒட்டும் பம்பு என்றால் என்ன?

வயிற்றிலோ கையிலோ ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாக (கேனுலா என்பார்கள்) மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் கருவி. பெரும்பாலும் இன்சுலினுக்குத்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆர்னால்ட் காடிஷ் செய்த முதல் பம்பை முதுகுப்பை போல மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு இடுப்பில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியது, ஆனால் நீண்ட டியூப் ஒன்று கூடவே வந்தது. 2005இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆம்னிபாட் அந்த டியூபையும் எடுத்துவிட்டது. மருந்து, மோட்டார் வேலை செய்யும் பொறி, மின்சுற்று, பேட்டரி எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். 200 யூனிட் வரை கொள்ளும். மூன்று நாள் ஆனதும் முழுவதையும் தூக்கிப்போட்டுவிட வேண்டும்.

அதற்கு மாற்றாக வந்தவைதான் இரண்டு பாகப் பம்புகள். ரோஷ் நிறுவனத்தின் அக்யு-செக் சோலோ, சீனாவின் மெட்ரம் போன்றவை இந்த வகை. மருந்து இருக்கும் பாகம் சில நாளுக்கு ஒருமுறை மாறும், மோட்டாரும் மின்சுற்றும் இருக்கும் பாகம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு ரீஃபிலை மட்டும் மாற்றுகிறோமே, அந்த ஏற்பாடுதான்.

முழுவதையும் தூக்கிப்போடுவது எளிதாயிற்றே, ஏன் பிரிக்க வேண்டும்?

பயன்படுத்துபவருக்கு அது எளிதுதான், மறுக்கவில்லை. எதையும் சார்ஜ் போட வேண்டாம், துடைக்க வேண்டாம், பொருத்த வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்குச் சுமார் 122. தூக்கிப்போடும் பாகத்தில் பத்து ரூபாய் கூடினால் ஆண்டுச் செலவில் 1,220 ரூபாய் கூடும். அதே சமயம், 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு நிரந்தரப் பாகம் ஓர் ஆண்டு உழைத்தால் ஒரு மாற்றலுக்கு அதன் பங்கு சுமார் 49 ரூபாய்தான். (இந்த விலைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.) நல்ல மோட்டார், புளூடூத், அழுத்தம் அறியும் சென்சார் ஆகியவற்றை ஒவ்வொரு மூன்று நாளும் குப்பையில் போடுவதற்கு நம் ஊரில் எத்தனை குடும்பத்தால் முடியும்?

இன்னொரு காரணம் கிருமி நீக்கம். மருந்து தொடும் பாகங்களும் கேனுலாவும் கிருமி நீக்கப்பட்டே ஆக வேண்டும். காமா கதிரில் வைத்தால் மின்சுற்றுச் சில்லுகள் கெடலாம். எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் அது பெட்டியின் இடுக்குகளுக்குள் போய், பிறகு முழுவதும் வெளியேறவும் வேண்டும். மின்சுற்றைத் தனிப் பாகமாக எடுத்துவிட்டால் அதற்கு இந்தத் தொல்லையே இல்லை.

அப்படியானால் எந்தப் பொருள் எந்தப் பக்கம் போக வேண்டும்?

விலை அதிகம், தேய்மானம் குறைவு என்றால் நிரந்தரப் பக்கம். மருந்து தொடுவது, உடல் தொடுவது, தேய்வது எல்லாம் தூக்கிப்போடும் பக்கம். பொதுவாக இது சரிதான்.

நான் பார்த்தவரை மாணவர்கள் மறப்பது ரப்பர் சீலை. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை நிரந்தரப் பாகத்தில் வைத்துவிடுகிறார்கள். அது ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் அழுந்தி, வியர்வை உப்பும் தூசியும் ஏறி, ஒருநாள் கசியும். தூக்கிப்போடும் பாகத்தில் வைத்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை புது சீல் கிடைக்கிறது. செலவு சில ரூபாய்தான்.

மருந்து படும் இடத்துக்கு என்ன பிளாஸ்டிக் என்பதிலும் கவனம் வேண்டும். இன்சுலினோடு ஃபீனால், மெட்டா-கிரெசால் என்ற பாதுகாப்புப் பொருள்கள் கலந்திருக்கும். அவை சில பிளாஸ்டிக்குகளையும் சிலிக்கோன் ரப்பரையும் ஊடுருவி வெளியேறிவிடும். அவை குறைந்தால் இன்சுலினின் நிலைப்புத்தன்மையும் குறையும். நிரந்தரப் பாகத்தின் கூட்டில் இன்சுலின் சிந்திக்கொண்டே இருந்தால் கிரெசால் பட்டு மெல்லிய விரிசல் விடலாம். ஆகவே நிரந்தரப் பாகத்துக்கான பிளாஸ்டிக்கையும் இன்சுலினில் ஊறவைத்துச் சோதித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு பாகமும் சேரும் இடத்தில் அப்படி என்ன சிக்கல்?

என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் வடிவமைப்பே அந்த இடம்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது. இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

சாதாரண இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதாவது ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர். சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர், அதில் ஐந்து யூனிட் அடங்கிவிடும். பம்போ ஒரு தடவைக்கு (இதை ஒரு தவணை என்போம்) 0.05 யூனிட், அதாவது அரை மைக்ரோலிட்டர் தள்ள வேண்டும். ஒரு சொட்டை நூறாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிற வேலை இது.

ரிசர்வாயரின் (மருந்து இருக்கும் சின்ன உருளையின்) உள்விட்டம் 10 மில்லிமீட்டர் என்று வைப்போம். அரை மைக்ரோலிட்டர் வெளியே வர பிஸ்டன் 6.4 மைக்ரோமீட்டர் நகர வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர், ஆக அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிஸ்டனை நகர்த்தும் திருகுக்கு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் என்றால், இந்த 6.4 மைக்ரோமீட்டருக்குத் திருகு சுமார் 4.6 டிகிரி திரும்ப வேண்டும்.

சரி, இப்போது மோட்டார் நிரந்தரப் பாகத்தில் இருக்கிறது, திருகு தூக்கிப்போடும் பாகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று எளிதாக நுழைய வேண்டுமென்றால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த ஆட்டம் 5 டிகிரி இருந்தாலே போதும், மோட்டார் ஒரு முழுத் தவணைக்குச் சுற்றியும் மருந்து ஒரு துளிகூட நகர்ந்திருக்காது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை இடைவெளி ஒருமுறை மூடிக்கொண்டால் மூடியபடியே இருக்கும். ஆனால் குளிக்கக் கழற்றி மறுபடி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத் திறக்கும். மணிக்கு 0.1 யூனிட் மட்டுமே வாங்கும் சின்னக் குழந்தைக்கு அந்த ஒரு தவணை என்பது அரை மணி நேர மருந்து.

இதற்கு வழி உண்டு. வேகம் குறைக்கும் பல்சக்கரங்களை மோட்டாரோடு வைக்காமல் தூக்கிப்போடும் பாகத்துக்குள் வைத்துவிடலாம். அப்போது இணைப்பு வேகமாகச் சுற்றும் அச்சில் விழுகிறது. அங்கே 5 டிகிரி ஆட்டம் இருந்தாலும் நூற்றுக்கு ஒன்று என்று குறைக்கும் சக்கரங்களைத் தாண்டும்போது அது திருகில் 0.05 டிகிரிதான். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் சக்கரங்கள் விலையில் பெரிதில்லை, தேய்வதற்குள் குப்பைக்கும் போய்விடும். நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இன்னொன்றும் சேர்த்துச் செய்ய வேண்டும். மோட்டார் சுற்றியதை அளந்துவிட்டு மருந்து போய்விட்டது என்று மென்பொருள் நம்பக் கூடாது. இணைப்புக்கு அப்பால், திருகின் மேலேயே ஒரு சின்னக் காந்தமோ ஒளியைத் திருப்பும் குறியோ வைத்து, நிரந்தரப் பாகத்திலிருந்து அதைப் படிக்க வேண்டும். இணைப்பு முறிந்தாலும் வழுக்கினாலும் அப்போதுதான் தெரியும்.

பம்பை மாட்டும்போது அழுத்துகிறோமே, மருந்து கூடுதலாக உள்ளே போய்விடாதா?

போகலாம், அதனால்தான் இதை முதல் அபாயமாக எழுதி வைக்க வேண்டும். மேலே சொன்ன அதே ரிசர்வாயரில் பிஸ்டன் 0.1 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 0.79 யூனிட் உள்ளே போகும். பெரியவருக்கு அது ஒன்றும் செய்யாமல் போகலாம். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும்.

நிரந்தரப் பாகம் பிஸ்டன் நகரும் திசையில் நுழையவே கூடாது. பக்கவாட்டில் சரிந்து பொருந்த வேண்டும். இணைப்பு வழியாகச் சுழற்சி மட்டும் போக வேண்டும், தள்ளுவிசை போகக் கூடாது. ரிசர்வாயரை உடலில் இணைப்பதற்கு முன்பே நிரந்தரப் பாகத்தை மாட்டி, கேனுலா நுனியில் துளி வரும்வரை ஓட்டிப் பார்க்கும்படி வரிசையை அமைப்பது இன்னும் நல்லது.

பேட்டரி எந்தப் பக்கம்?

காரைக்குடியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953 ஜனவரி 14இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் வாயில் சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பேட்டரியும் துருப்பிடித்தலும் இந்த ஊரில் பேச்சுவாக்கில் வரும் விஷயம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூக்கிப்போடும் பாகத்தில் பேட்டரி வைத்தால் ஒவ்வொரு மாற்றலிலும் புது மின்சாரம். சார்ஜ் போட மறந்தார், கரண்ட் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்யு-செக் சோலோவில் இந்த ஏற்பாடுதான், காது கேட்கும் கருவியில் வருகிற துத்தநாக-காற்றுச் செல். எடைக்குச் சக்தி அதிகம், விலை குறைவு. ஆனால் அது வேலை செய்யக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் புகக் கூடாது, காற்று புக வேண்டும். டெஃப்லான் சவ்வு இரண்டையும் சமாளிக்கும், ஆனால் அதன் மேல் எண்ணெயோ சோப்புநீரோ படிந்தால் துளைகள் நனைந்து அடைபடும். வறண்ட காற்றில் செல்லின் உள்ளே இருக்கும் நீர் வற்றும், புழுக்கத்தில் ஈரம் ஏறும். கோடையில் உள்ளூர் ஒரு மாதிரி, தொண்டிப் பக்கம் கடற்காற்றில் ஒரு மாதிரி இருப்பதால் இரண்டு நிலையிலும் சோதிக்க வேண்டும்.

நிரந்தரப் பாகத்தில் சார்ஜ் ஏறும் லித்தியம் செல்லை வைத்தால் குப்பை குறையும். ஆனால் சார்ஜ் ஏறும் நேரத்தில் உடலில் மருந்து ஏறாது. எனவே இரண்டு நிரந்தரப் பாகம் கொடுத்து, ஒன்று உடலில், ஒன்று சார்ஜில் என்று மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். ஒன்று தொலைந்தாலோ கெட்டாலோ இன்னொன்று கையில் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வளவு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கு ஒரு பம்பு நின்றுபோனால் அடுத்தது வந்து சேர எத்தனை நாளாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேட்டரி ஒரு பக்கமும் சுற்று மறுபக்கமும் இருந்தால் நடுவே உலோகத் தொடர்பு முனைகள் வேண்டும். வியர்வை உப்புநீர். அதில் மின்னழுத்தத்தோடு முனைகள் நனைந்தால் மின்னாற்பகுப்பு நடந்து அரித்துவிடும். தங்க முலாம் உதவும், ஆனால் முலாமில் நுண்துளை இருந்தால் அடியிலுள்ள உலோகம் இன்னும் வேகமாக அரிக்கும். முனைகள் சீலுக்கு உள்ளே வருமாறு அமையுங்கள். இரண்டு பாகமும் முழுதாகப் பொருந்தின பிறகே முனைகளுக்கு மின்னழுத்தம் வரட்டும்.

மின்வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு திசையும் உண்டு. தண்ணீரை மின்னாற்பகுத்து வரும் வாயுவின் அழுத்தத்தால் மருந்தைத் தள்ளும் பம்புகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மின்னிறங்கும்போது தானே உப்பும் செல்லைப் பிஸ்டனாக வைத்த பம்பும் உண்டு. அங்கே பேட்டரியே மோட்டார். இத்தகைய பம்பில் நிரந்தரப் பக்கத்தில் மின்சுற்று மட்டும் மிஞ்சும், சுழலும் இணைப்பே தேவைப்படாது.

நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் இன்சுலின் என்ன ஆகும்?

பம்பில் போடும் பல வேக இன்சுலின்களின் குறிப்புத் தாளில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த மருந்தை மாற்றிவிடச் சொல்லியிருக்கும். சூடு, குலுக்கல், காற்றுக்குமிழி, நீரை ஒதுக்கும் பிளாஸ்டிக் பரப்பு, இவை சேர்ந்தால் இன்சுலின் மூலக்கூறுகள் நார்நாராகத் திரண்டுவிடும். மருந்தும் வீரியம் இழக்கும், கேனுலாவும் அடைக்கும்.

குளிர் நாடுகளில் வடிவமைப்பவர்கள் உடம்புச் சூட்டிலிருந்து மருந்தைத் தள்ளி வைக்கப் பார்ப்பார்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் இங்கே கதை தலைகீழ். வெளிக்காற்று 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது வியர்க்கும் தோல் அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கும். அந்த நேரத்தில் குளிர்ந்த பக்கம் உடம்புதான். ஆகவே ரிசர்வாயர் தோலை ஒட்டி அடியில், மின்சுற்று மேலே, நடுவே மெல்லிய காற்றிடைவெளி, வெளிக்கூடு வெள்ளை அல்லது வெளிர் நிறம். கறுப்புக் கூடு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இருசக்கர வண்டியில் கையில் நேர்வெயில் படும்போது அதன் சூடு காற்றின் சூட்டையும் தாண்டிவிடும்.

நிரப்பும்போதும் ஒரு கவனம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நிரப்பினால் மருந்து சூடேறும்போது கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும். பத்து மைக்ரோலிட்டர் குமிழி போனால் ஒரு யூனிட் மருந்து போகவில்லை என்று பொருள். அறையில் வைத்துக் குளிர் விட்ட பிறகு நிரப்புங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

பலரும் தயங்கிக் கேட்பது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் பிளாஸ்டர் பசையை இளக்கும், ஓரத்தில் ஊறி உள்ளே போகும். முழுவதும் தூக்கிப்போடும் பம்பு என்றால் எண்ணெய்க் குளியலை மாற்றும் நாளில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. இரண்டு பாகப் பம்பில் சிலவற்றைக் கழற்றி வைக்கலாம். ஆனால் பம்பில் இருப்பது வேக இன்சுலின் மட்டும், நீண்டநேர இன்சுலின் உடலில் இல்லை. நின்றால் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றி வைக்க வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளித்து, தலை துவட்டி முடிக்க அதற்குள் ஆகிவிட வேண்டும்!

வடிவமைப்பவருக்கு: கழற்றி ஐம்பது நிமிடம் ஆனதும் நிரந்தரப் பாகம் தானே கத்தி அழைக்க வேண்டும். அப்புறம், பசையின் அக்ரிலேட் வகைகளில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்பது பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்திருக்கிறது. அது இல்லாத பசையையே கேட்டு வாங்குங்கள்.

கேனுலா அடைத்தால் உடனே அலாரம் வருமா?

உடனே வராது. மணிக்கு ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் ஓடும் பம்பில், ரப்பர் பிஸ்டனும் குமிழியும் சேர்ந்து மூன்று மைக்ரோலிட்டர் அமுங்கிக் கொடுத்த பிறகுதான் அழுத்தம் அலாரம் எல்லையைத் தொடும் என்றால், மூன்று மணி நேரம் ஆகிவிடும். அடைப்பு விட்டதும் அந்த மூன்று மைக்ரோலிட்டரும், அதாவது 0.3 யூனிட்டும், ஒரே மூச்சில் உள்ளே போகும். எனவே பாதையில் விறைப்பான பொருளும் குறைந்த கொள்ளளவும் வேண்டும். தூக்கிப்போடும் பாகத்தில் ஒரு மெல்லிய சவ்வு வைத்து, அதன் அசைவை நிரந்தரப் பாகத்தின் சென்சார் வெளியிலிருந்து படிக்கச் செய்தால் சென்சாரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

வயதானவர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும்படி செய்வது நம் பொறுப்பு. மூட்டுவலி உள்ள கை, கண்புரை உள்ள கண், இரண்டையும் நினைத்து வடிவமைக்க வேண்டும். தவறான பக்கத்தில் நுழையவே முடியாத வடிவம், விரல் நுனிக்கு உணர்வாகும் மேடு, பொருந்தியதும் காதுக்குக் கேட்கும் சத்தம், நகத்தால் நெம்பாமல் கட்டைவிரலால் கழற்றும் வழி. திரையில் தமிழ் எழுத்து பெரிதாக. மாதிரியைக் கல்லூரி நண்பர்களிடம் கொடுத்துச் சோதித்தால் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். எழுபது வயது ஐயாவிடமும் ஆச்சியிடமும் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அலாரத்துக்கும் நம் ஊர்ச் சோதனை ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் மேளமும் நாதஸ்வரமும் முழங்கும்போது சின்ன பீப் சத்தம் கேட்காது, அதிர்வு கட்டாயம் வேண்டும். கந்தரப்பமும் கவுனி அரிசியும் இலையில் விழும்போது போனைத் தேடாமல் கூடுதல் டோஸ் கொடுக்கப் பம்பின் மேலேயே பொத்தான் இருக்க வேண்டும். உடையும் புடவை மடிப்பும் அழுத்தித் தானாக இயங்காதபடி இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தும் ஏற்பாடு நல்லது.

செலவைக் குறைக்க ஒரே பாகத்தை இரண்டு தடவை பயன்படுத்தினால்?

செய்கிறார்கள். பல குடும்பங்களில் ஊசியையும் சிரிஞ்சையும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேனுலாவை நாள் தாண்டி வைத்தால் அந்த இடம் வீங்கும், மருந்து உறிஞ்சப்படுவது மாறும், தொற்று வரலாம். ரிசர்வாயரைத் திரும்ப நிரப்பினால் ரப்பர் பிஸ்டனின் வழவழப்புப் போய் விட்டுவிட்டு நகரும்.

சில வடிவமைப்புகளில் ஒருமுறை கழற்றினால் மறுபடி பொருந்தாத பூட்டு இருக்கும். மருந்து தொடும் பாதை அசுத்தமாகக் கூடாது என்பதற்காக வைத்தால் நியாயம். விற்பனை கூடட்டும் என்று வைத்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நேர்மையான வழி, வெவ்வேறு ஆயுள் உள்ளவற்றைப் பிரித்துவிடுவது. கேனுலாவும் பசையும் தனியாக, ரிசர்வாயர் தனியாக இருந்தால், பசை பிய்ந்த குழந்தைக்குப் பாதி நிறைந்த இன்சுலினையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதில்லை.

இன்சுலின் தவிர வேறு மருந்துக்கும் இது சரிவருமா?

அடிக்கடி, தொடர்ந்து போகும் மருந்தென்றால் சரிவரும். பார்க்கின்சன் நோய்க்கு நாள் முழுக்கத் தோலடியில் செலுத்தும் மருந்துகள் வந்துவிட்டன, அங்கே இரண்டு பாகம் பொருந்தும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் நியூலாஸ்டா ஆன்ப்ரோ வேறு மாதிரி. ஒட்டிய சுமார் 27 மணி நேரம் கழித்து, 45 நிமிடத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்துவிடும். நோயாளி மறுநாள் ஊசிக்காகத் திரும்பப் பயணம் செய்ய வேண்டாம். அதற்கு நிரந்தரப் பாகம் வைத்தால் அதைத் திரும்ப வாங்கிச் சுத்தம் செய்யும் செலவே மிஞ்சும். முழுவதும் தூக்கிப்போடுவதுதான் சரி.

பயன்படுத்தியதை எங்கே போடுவது?

ஊசி உள்ள பாகத்தைத் துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, தனியாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் சேரும் ஊசிகளையும் பழைய பேட்டரிகளையும் நம் திடக்கழிவு விதிகள் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்கின்றன, சமையல் குப்பையோடு கலக்கக் கூடாது. குப்பை பிரிப்பவரின் கையில் குத்தாமல் இருக்க, கழற்றியதும் ஊசி தானே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதை வடிவமைப்பிலேயே கட்டாயமாக்குங்கள். பேட்டரி தூக்கிப்போடும் பாகத்தில் இருந்தால் விரலால் பிய்த்து எடுக்கும் மூடி வையுங்கள். மூன்று செல் வைத்த முழுப் பம்பை மூன்று நாளுக்கு ஒன்று போட்டால் ஆண்டுக்கு 366 செல் சேரும். நிரந்தரப் பாகம் மின்னணுக் கழிவுக்குப் போக வேண்டும்.

கல்லூரித் திட்டமாகச் செய்ய நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

மருந்தோடும் உடம்போடும் தொடங்காதீர்கள். கல்லூரியில் செய்த பம்பை யார் உடலிலும் ஒட்டவே கூடாது. இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளில் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. சி, டி வகுப்புகளுக்கு உரிமம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். படிக்க வேண்டிய தரநிலைகள்: அபாய ஆய்வுக்கு ஐஎஸ்ஓ 14971, உட்செலுத்தும் பம்புக்கு ஐஇசி 60601-2-24, உடலில் ஒட்டும் கருவிக்கு ஐஎஸ்ஓ 11608-6, மென்பொருளுக்கு ஐஇசி 62304. முதலில் 14971ஐ எடுங்கள். வரைபடம் போடுவதற்கு முன்பே அபாயப் பட்டியல் எழுதுகிற பழக்கம் அதிலிருந்துதான் வரும்.

பிறகு இணைப்பை மட்டும் செய்யுங்கள். ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார், முப்பரிமாண அச்சில் எடுத்த இரண்டு பாதிகள், ஒரு சிரிஞ்ச், தண்ணீர். வேதியியல் துறையில் 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும், அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிகிராம், ஆகவே ஒரு தவணைக்கு அரை மில்லிகிராம் எடை ஏற வேண்டும். மின்விசிறிக் காற்றில் அதைவிட அதிகமாகத் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், பாத்திரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு படலம் எண்ணெய் விட்டு, குழாய் நுனியை எண்ணெய்க்குக் கீழே வையுங்கள். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்துங்கள்.

இரவு முழுக்க ஓடவிட்டு எடையைப் பதிவு செய்யுங்கள். நடுவே நடுவே கழற்றி மாட்டி, ஒவ்வொரு மாட்டலுக்குப் பிறகும் எத்தனை தவணை காணாமல் போகிறது என்று குறியுங்கள். பல்சக்கரத்தை மோட்டார்ப் பக்கம் வைத்து ஒருமுறை, சிரிஞ்ச் பக்கம் வைத்து ஒருமுறை. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம்.